ஒரு மதிப்பெண்ணில் அடங்காத மார்த்தாண்டம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "ஸ்ரீநிகேதன்?" என்றால் "தாகூர்" என்பார்கள். "குர்கான்?" "பிரெய்ன்." "எட்டாவா?" "ஆல்பர்ட் மேயர்." "மார்த்தாண்டம்?" "ஸ்பென்சர் ஹாட்ச்." பொருத்துக பகுதியில் இவை சரியாக அமைந்தால் மதிப்பெண் கைக்கு வந்துவிடும். பொது நிர்வாகம், சமூகப் பணி, ஊரக வளர்ச்சி, வேளாண் விரிவாக்கம் என்று எதைப் படித்தாலும் இந்தப் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும். சுதந்திரத்துக்கு முன்னும் அதை ஒட்டியும் நடந்த கிராம வளர்ச்சி முயற்சிகளில் முன்னோடிகள் என்று நாடு முழுவதும் படிக்கப்படுபவை இவை.

குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர் அன்றாடம் பஸ் மாறுகிற ஊர்தான் அந்த மார்த்தாண்டம். ஊரைக் கடந்து போகிறோம். பெயரை மனப்பாடம் செய்கிறோம். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். மக்களுக்காக வேலை செய்வதைப் படிப்பாக எடுத்திருக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது.

தொடுவெட்டியில் ஒரு பள்ளி

மார்த்தாண்டத்துக்குப் பழைய பெயர் தொடுவெட்டி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில், சந்தைக்குப் பேர்போன ஊர். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு இங்கே கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது.

அதன் விதை சேலத்துக்காரர் ஒருவருடையது. 1876-இல் பிறந்த கே.டி.பால், ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். நகரத்து இளைஞர்களுக்கான அமைப்பாக இருந்ததைக் கடனில் மூழ்கிய கிராமத்து ஏழைகளின் பக்கம் திருப்பியவர். வட்டிக்காரரிடமிருந்து மீள்வதற்குக் கூட்டுறவுக் கடன் சங்கமே வழி என்று நம்பி, அதற்காக உழைத்தவர்.

அந்த விதையை மார்த்தாண்டத்தில் நட்டு வளர்த்தவர் அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சாந்திநிகேதன் அருகே தாகூரின் ஸ்ரீநிகேதனை 1922-இல் கட்டியெழுப்பத் துணைநின்ற லெனார்டு எல்ம்ஹர்ஸ்டும் அதே கார்னெலில் வேளாண்மை படித்தவர்தான். ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த இருவர், இந்தியாவின் இரு கோடிகளில், ஏறக்குறைய ஒரே காலத்தில் கிராமத்தில் குடியேறிக் கற்கவும் கற்பிக்கவும் செய்தார்கள்.

ஆன்மா, அறிவு, உடல், பொருள், சமூகம் ஆகிய ஐந்தும் சேர்ந்து வளர்வதுதான் வளர்ச்சி என்பது ஹாட்ச்சின் திட்டம். முறை இன்னும் எளிது: வேலையை மக்களே செய்வார்கள், விஷயம் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்து சொல்லித் தருவார். ஊரிலேயே மிக ஏழையானவர் பின்பற்ற முடியாத எதையும் செய்துகாட்டக் கூடாது. மார்த்தாண்டத்தில் நடந்த பயிற்சிப் பள்ளிக்குப் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து, கையால் வேலை செய்து கற்றுப் போனார்கள்.

தேன் சொல்லித் தந்த நிர்வாகம்

அந்த வேலைகளில் ஒன்று இன்றும் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் தேன்.

முன்பெல்லாம் தேனெடுப்பு என்றால் மரப்பொந்திலோ பாறையிடுக்கிலோ புகைபோட்டுத் தேனீக்களை விரட்டி, அடையை அறுத்துப் பிழிவதுதான். தேனோடு புழுவும் மகரந்தமும் மெழுகும் கலந்து வரும், சீக்கிரம் புளித்துப்போகும், கூடும் அதோடு அழியும். நம் நாட்டு அடுக்குத் தேனீ இருட்டில் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது. அதனால் பெட்டிக்குள் வாழ அது சம்மதிக்கும். திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1910-களில் இந்தத் தேனீயின் உருவத்துக்கு ஏற்பச் சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்திருந்தார். உள்ளே மரச்சட்டங்கள் தொங்கும். தேன் நிறைந்த சட்டத்தை எடுத்து, சுழலும் கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து விழும். அடை உடையாது, திரும்ப வைத்துவிடலாம். புதிதாக மெழுகு கட்டும் வேலை தேனீக்கு மிச்சம். தூய தேன் மனிதனுக்கு லாபம்.

இந்தப் பெட்டி வளர்ப்பை மார்த்தாண்டம் மையம் வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுபோனது. நிலம் வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் பரவியபோது தொழிலும் பெருகியது. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் துளிர்விடும்போது இலைக்காம்பருகே சுரக்கும் இனிப்பு நீர்தான் குமரித் தேனின் பெரும்பங்குக்கு மூலம். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை அழித்தது. அதிலிருந்தும் தொழில் மீண்டது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேனோடு நிற்கவில்லை. கோழி வளர்த்தவர்கள் முட்டைகளைச் சேர்ந்து விற்றார்கள். தரம் பார்த்து அனுப்பியதால் தரகரின் கைக்குப் போன காசு அவர்கள் கைக்கு வந்தது. பனங்கருப்பட்டியைச் சுத்தமாகக் காய்ச்சி நல்ல விலைக்கு விற்கவும் வழி காட்டப்பட்டது. அக்கானி என்கிற பதநீரை இறக்கிக் காய்ச்சிய குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதில் நிர்வாகம் எங்கே இருக்கிறது? திட்டமிடல், தொழில்நுட்பம், பயிற்சி, தரக்கட்டுப்பாடு, சந்தை, கூட்டுறவு, கணக்கு என எல்லாமே இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் லூதர் கியூலிக் 1937-இல் தொகுத்த நிர்வாகப் பணிகளின் பட்டியலைத் தலைப்பெழுத்துகளாக மனப்பாடம் செய்கிறோம். ஒரு தேன்பெட்டிக்குப் பின்னால் அந்தப் பட்டியல் முழுவதும் நின்றிருந்ததைப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது.

நாடு கற்றதும் மறந்ததும்

1952 அக்டோபர் 2-இல் இந்திய அரசு 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்ரீநிகேதன், மார்த்தாண்டம் போன்ற முயற்சிகள் அதன் முன்னோடிகள். வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பதவி வந்தது. கிராமங்களுக்குக் கிராம சேவக் வந்தார். பணமும் ஆளும் இல்லாததால் மார்த்தாண்டம் போன்ற தனி முயற்சிகள் பரவ முடியவில்லை என்று பாடப்புத்தகங்கள் குறை சொல்வதுண்டு. இந்த முறை பணமும் ஆளும் இருந்தன.

ஆனால் 5 ஆண்டுகளில், 1957-இல், பல்வந்த்ராய் மேத்தா குழு தன் அறிக்கையில் திட்டத்தின் பெருங்குறையைச் சுட்டியது: மக்களின் பங்கேற்பு எழவில்லை. அதிகாரத்தை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் தர வேண்டும் என்றது. 1959-இல் பஞ்சாயத்து ராஜ் தொடங்கியது. 1993-இல் 73-வது திருத்தம் அதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பைத் தந்தது.

இந்த வரலாற்றை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: மார்த்தாண்டத்திடம் பணம் இல்லை, மக்கள் இருந்தார்கள். பின்வந்த திட்டத்திடம் பணம் இருந்தது, மக்கள் விலகி நின்றார்கள். இரண்டையும் சேர்க்கத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் பொது நிர்வாகப் படிப்பின் வேலை.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது

பொது நிர்வாகப் படிப்பில் தமிழகத்துக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை 1937-இலேயே தொடங்கிவிட்டது. சென்னை சமூகப் பணிப் பள்ளியை மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் நிறுவினார். தென்மாவட்டங்களுக்கென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்தது. வாய்ப்புக்குக் குறைவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சமூகப் பணி மாணவர்களுக்குக் களப்பணி பாடத்திட்டத்திலேயே உண்டு. ஆனால் அறிக்கை ஏடு நிரம்பினால் போதும் என்று முடிகிற களப்பணியால் யாருக்குப் பயன்? பொது நிர்வாக மாணவர்களுக்கோ பல இடங்களில் அதுவும் இல்லை. ஒரு ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே ஒருவர் முதுகலைப் பட்டம் வாங்கிவிடலாம். இது மாற வேண்டும்.

ஒவ்வொரு துறையும் ஒரு ஊராட்சியைத் தத்தெடுத்து, ஆண்டுதோறும் மாணவர்களை அதே ஊருக்கு அனுப்பட்டும். முந்தைய ஆண்டு மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரட்டும். குளம், குடிநீர், ரேஷன் கடை, முதியோர் ஓய்வூதியம் என்று ஒன்றை எடுத்து அடிமுதல் நுனிவரை படிக்கட்டும். ஆய்வுக்குப் பொருள் வேண்டுமானால் தொலைவில் தேட வேண்டாம். நம் மாவட்டத்து நாஞ்சில் நாடு 12 பிடாகைகள் என்னும் உட்பிரிவுகளாகப் பிரிந்து, நாட்டார் கூடிப் பேசி, தீர்வையையும் தண்ணீரையும் பற்றி முடிவெடுத்த மண். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடியெடுத்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் அந்த நிர்வாகத்தின் சுவடுகள் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கக் குமரி மாணவரை விடப் பொருத்தமானவர் யார்?

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்கள், 95 ஊராட்சிகள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 முறை கிராமசபை கூடுகிறது. அதில் ஒன்று உள்ளாட்சி நாளான நவம்பர் 1. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. வரும் நவம்பர் 1-இல் உங்கள் ஊர்க் கிராமசபைக்குப் போய் உட்காருங்கள். யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பேசாதவரின் பக்கத்தில் போய் அமர்ந்து கேளுங்கள். உங்கள் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.