கிண்டிலுக்கு ஓர் உறை, உறைக்கு ஒரு தாங்கி

கிண்டில் போன்றதொரு மின்னூல் வாசிப்புக் கருவியை வாங்கியவர்கள், மறுநாளே அதற்கோர் உறை தேடப் புகுந்து, கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் குவிந்து கிடக்கும் வர்ணங்களையும் சித்திரங்களையும் கண்டு மலைத்து, கடைசியில் நிறம் பிடித்தது என்ற ஒரே காரணத்துக்காக ஏதாவதொன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது சகஜமாக இருக்கிறது. இப்போது வரும் உறைகளில் அநேகம் ‘ஸ்டாண்டு’ என்னும் தாங்கியையும் சேர்த்தே கொண்டு வருவதால், ஒரே விலையில் இரண்டு அநுகூலங்கள் கிடைப்பதாகவும் தோன்றிவிடுகிறது. ஆனால் திரையைக் காப்பதும் கருவியை நிமிர்த்தி நிறுத்துவதும் ஓரளவுக்கு ஒன்றுக்கொன்று விரோதமான காரியங்கள். ஏன் அப்படி என்பது, அந்தத் திரை எதனால் ஆனது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்திலிருந்து கிளைத்துத் தோன்றிய ஈ இங்க் நிறுவனம் உருவாக்கி, 2004-இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே கருவியிலும், 2007 நவம்பரில் அமேசானின் முதல் கிண்டிலிலும் இடம்பெற்ற இந்த மின்மைத் திரையில், ஏறக்குறைய தலைமயிரின் பருமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் எதிரெதிரான மின்னேற்றத்தோடு மிதந்துகொண்டிருக்க, மின்புலம் இழுக்கிற திசைக்கேற்ப ஒரு நிறம் மேலே வந்து எழுத்தாகவோ வெற்றிடமாகவோ காட்சியளிக்கிறது. அப்படி ஒருமுறை அமைந்த எழுத்து, அதன் பிறகு மின்சாரம் சிறிதும் இல்லாமலேயே நிலைத்து நிற்கிறது. இவ்வளவுக்கும் ஆதாரமாக அடியில் இருப்பது டிரான்சிஸ்டர்கள் பதித்த மெல்லிய கண்ணாடித் தகடு. கைப்பேசியின் மேற்கண்ணாடிக்கு ஊட்டப்படும் உறுதி இதற்கு ஊட்டப்படுவதில்லை. அந்தத் தகட்டில் விரிசல் விழுந்துவிட்டால், மேற்பரப்பில் ஒரு கீறலும் தென்படாதிருக்கையிலேயே, பாதிப் பக்கம் பழைய எழுத்தோடு உறைந்துபோக, மறுபாதியில் கோடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். “கீழே போடவே இல்லையே!” என்று உடையவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நெரிசலான பேருந்தில் தண்ணீர்ப் புட்டிக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே பை நசுங்கியிருந்தாலே போதும். இவ்விதம் உடைந்த திரையை உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தகடு வைத்து, 2018-இல் வந்த கோபோ ஃபோர்மாவைப் போன்ற சில கருவிகள் செய்யப்பட்டதுண்டு; ஆயினும் அவை விதிவிலக்குகளே.

ஆகவே, விழுவதைக் காட்டிலும் அமுங்குவதே இக்கருவிக்குப் பெரிய பகை என்று கொண்டால், உறையின் முதல் லக்ஷணம் முன்பலகையின் விறைப்பு என்பது தானே பெறப்படும். முதுகையும் மூலைகளையும் மாத்திரம் மூடுகிற சிலிகோன் உறை, கை தவறி விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமேயன்றி, பைக்குள் சாவிக்கொத்து திரையின் நடுவில் குத்துவதை எவ்விதத்திலும் தடுக்காது. துணிப்பையின் கதியும் அதுதான். மூடிய உறையின் மத்தியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பலகை வளைந்து கொடுக்குமானால், அது எவ்வளவு அழகாக இருப்பினும் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

விரோதம் நேர்வது இங்கேதான். ஓரிகாமி என்று பெயர்பெற்ற மடிப்பு உறையில், முன்பலகையே முக்கோணங்களாகப் பிளவுண்டு, பின்புறம் மடங்கித் தாங்கியாகிறது. மடிவதற்காக விட்ட அந்தக் கோடுகளில் பலகை கிடையாது, மேல்துணி மாத்திரமே உண்டு. திரைக்கு நேர் எதிரே பலவீனமான ரேகைகளை வைத்துக்கொண்டு அதைக் காவல் என்று சொல்வது சற்றுத் தாராளமான பேச்சுதான். பின்புறத்தில் தனிக்காலாகவோ, மடக்குப் பலகையாகவோ அமைந்த தாங்கி முன்பலகையைத் தொடுவதில்லை. அதற்கு ஈடாகக் கனத்தையும் பருமனையும் கூட்டிவிடுகிறது. 2024-இல் வந்த ஏழு அங்குலக் கிண்டில் பேப்பர்ஒயிட் 211 கிராம்தான் இருக்கிறது. தாங்கியோடு கூடிய உறைகளில் பல, தாமே நூறு கிராமைத் தாண்டுகின்றன. கைக்கு லகுவாக இருக்கட்டும் என்று வாங்கிய கருவி, உறையேறியதும் கனத்த புத்தகமாகவே மாறிவிடுகிறது.

புத்தகத்தைத் தாங்கியில் வைத்துப் படிப்பது நமக்குப் புதிதன்று. பாராயணம் நடக்கும் வீடுகளில் வியாச பீடம் என்றும், குர்ஆன் ஓதும் இல்லங்களில் வேறு பெயரிலும் வழங்கிவரும் கத்தரி வடிவப் பலகை, ஆணி எதுவுமின்றி ஒரே கட்டையிலிருந்து இரண்டு பலகைகளாக அறுத்துக் கோத்துச் செய்யப்படுவது. நூலின் கனமே அதை அழுத்தி ஸ்திரப்படுத்துகிறது. மின்னூல் கருவிக்கோ அந்தக் கனம் இல்லை. அன்றியும், பக்கம் புரட்டுவதற்காக வாசகர் திரையை விரலால் தட்டிக்கொண்டேயிருப்பதால், ஒவ்வொரு பக்கமும் கருவியைப் பின்னுக்குத் தள்ளுகிற ஒரு சிறு உதையாகிறது. செங்குத்தாக நிற்கும் தாங்கி மூன்றாம் பக்கத்திலேயே மல்லாந்துவிடும். நன்றாகச் சாய்ந்து நிற்பது தாக்குப்பிடிக்கும். உயரவாட்டில் நிறுத்தும்போது அடித்தளம் பதின்மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாகிவிடுவதால், ஒற்றைக் கால் தாங்கிகள் ஓரத்தில் தட்டினால் திரும்பிக்கொள்கின்றன. அகலவாட்டில் நிறுத்தினால் அந்தச் சங்கடம் குறைகிறது. எழுத்தையும் அகலவாட்டுக்கு மாற்றிக்கொள்ளக் கிண்டிலில் வசதி உண்டு. கருவியின் மேல்பகுதியைத் தவிர்த்து அடிமூலையில் தட்டிப் புரட்டுவது எந்தத் தாங்கிக்கும் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் தாங்கி அவசியமா என்றால், அது வாசிப்பவரின் சுபாவத்தைப் பொறுத்தது. சாப்பிடும்போதும், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதும், மேஜையருகே அமர்ந்து குறிப்பெழுதும்போதும் படிக்கின்றவர்களுக்கு அது மெய்யான சௌகரியம். படுத்துக்கொண்டு படிக்கின்றவர்களுக்கோ, பேருந்தில் நின்றுகொண்டு படிக்கின்றவர்களுக்கோ அதனால் பிரயோஜனம் இல்லை. உறையின் முதுகில் கை நுழைக்கும் பட்டை ஒன்று இருந்தால் அதுவே மேல். படிப்பதெல்லாம் படுக்கையிலேதான் என்று தெரிந்தும், என்றைக்காவது உதவுமே என்று தாங்கிக்கு விலை கொடுப்பவர்கள் அந்தக் கனத்தைத் தினந்தோறும் சுமக்கிறார்கள்.

உறையை மூடினால் கருவி உறங்கி, திறந்தால் விழிக்கும் வித்தை, உறையின் ஓரத்திலுள்ள சிறு காந்தத்தைக் கருவிக்குள் இருக்கும் உணரி அறிந்துகொள்வதால் நிகழ்வது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவே இத்தகைய உணரிகளுக்கு அடிப்படை. இதன் லாபம், பைக்குள் எதுவும் திரையைத் தொட்டுப் பக்கங்களைத் தாறுமாறாகப் புரட்டிவிடாமல் இருப்பது. மலிவான உறைகளில் காந்தம் இடம் தவறி அமைந்திருப்பதும் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்த உறையை மார்பின் மேல் வைத்துப் படிக்கலாகாது.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பங்கு பாலியூரித்தேன் பூச்சு. காற்றிலுள்ள ஈரம் நாளடைவில் அதைச் சிதைப்பதால், சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் சில வருஷங்களுக்குள் செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். அசல் தோலோ மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நெய்த துணி மேலுறை அழுக்கேறினாலும் துடைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன், கருவி எந்தத் தலைமுறை என்பதை அமைப்புப் பகுதியில் உள்ள சாதனத் தகவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பேப்பர்ஒயிட் என்ற ஒரே பெயரில் 2018-இல் ஆறு அங்குலமும், 2021-இல் 6.8 அங்குலமும், 2024-இல் ஏழு அங்குலமும் வந்திருப்பதால், ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. கம்பியின்றி மின்னேற்றிக்கொள்ளும் சிக்னேச்சர் பதிப்பு உடையவர்கள், முதுகில் உலோகத் தகடு வைத்த தாங்கியைத் தவிர்ப்பது நலம். உறை வந்து சேர்ந்ததும், திருப்பித் தரும் கெடு தீர்வதற்குள், தாங்கியை விரித்துச் சாப்பாட்டு மேஜையில் நிறுத்தி, ஓர் அத்தியாயம் முழுவதையும் தட்டித் தட்டிப் படித்துப் பார்த்துவிடலாம். சாயாமல் நின்றால் வைத்துக்கொள்ளலாம்.