கார் ஏன் கொதிக்கிறது? பெல்ட் பம்பு நல்லதா? மின்சார பம்பு நல்லதா?

வைகாசி மாதம். காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாளுக்கு கருட சேவை.

பக்கத்தில் உள்ள முசரவாக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் பழைய அம்பாசிடர் காரில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஒரே கூட்டம். கார் நகரவில்லை. திடீர் என்று முன்பக்கம் குபுகுபு என்று ஆவி!

"அப்பா, கார் ஓடவே இல்லையே! பிறகு ஏன் கொதிக்கிறது?" என்று கேட்கிறான் பையன்.

நல்ல கேள்வி!

தண்ணீரின் வேலை

பெட்ரோல் எரிந்தால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அது ரேடியேட்டருக்குப் போய், காற்றுப்பட்டு ஆறி, மறுபடி என்ஜினுக்கு வருகிறது. அதை ஓட வைப்பதுதான் பம்பு.

பம்பே இல்லாத கார்களும் உண்டு! 1908-ம் ஆண்டு வந்த போர்டு 'மாடல் டி' கார், பல ஆண்டுகள் பம்பு இல்லாமலே ஓடியது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். உலைப் பானையில் நடப்பதும் இதுதான். ஆனால், பெரிய என்ஜின்களுக்கு அது போதவில்லை.

இரண்டு பம்புகள்

கிணற்றங்கரையில் பார்த்திருப்பீர்கள். ஆயில் என்ஜினோடு பெல்ட் மாட்டி ஓட்டும் பம்பு ஒன்று. கரண்டு மோட்டார் பம்பு இன்னொன்று. காரிலும் அப்படியே.

அம்பாசிடரில் இருப்பது பெல்ட் பம்பு. என்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்பும் வேகமாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். விசிறியும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. கார் நின்றுவிட்டால் எதிர்க்காற்றும் இல்லை. அதனால்தான் கூட்டத்தில் சிக்கிய கார் கொதிக்கிறது.

மின்சார பம்பு அப்படி அல்ல. சூடு ஏறினால் வேகமாக ஓடும். சூடு குறைந்தால் மெதுவாக ஓடும். என்ஜினை நிறுத்திய பிறகும் சற்று நேரம் ஓடி, சூட்டைத் தணிக்கும். தேவையான அளவே ஓடுவதால் எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். 2009-ம் ஆண்டு வந்த டொயோட்டா 'பிரியஸ்' காரில் இந்தப் பம்புதான். என்ஜினின் முன்பக்கம் பெல்ட்டே கிடையாது!

குறை இல்லையா?

உண்டு! மின்சார பம்பின் விலை அதிகம். வயர், பியூஸ், பேட்டரி ஆகியவற்றில் எது கெட்டாலும் பம்பு நின்றுவிடும். பெரும்பாலும் முன்கூட்டியே தெரியாது. சாலையோர மெக்கானிக்கால் எளிதில் பழுது பார்க்கவும் முடியாது.

பெல்ட் பம்பு கெடும் முன் பெரும்பாலும் குரல் கொடுக்கும். தண்ணீர் சொட்டும், கரகர என்று சத்தம் வரும். சிறிய ஊரிலும் சரி செய்யலாம். ஆனால், பெல்ட் அறுந்தால் பம்பும் நிற்கும். பேட்டரிக்கும் கரண்டு ஏறாது.

எதை வாங்குவது?

புதிய காரில் கம்பெனி எதைப் பொருத்தியிருக்கிறதோ, அதுவே போதும். பழைய கார் கொதித்தால், உடனே மின்சார பம்புக்குப் பணம் செலவழிக்காதீர்கள். முதலில் ரேடியேட்டர் அடைப்பு, மூடி, பெல்ட், விசிறி ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே அகப்படுவான்!

ஜாக்கிரதை!

எந்தப் பம்பாக இருந்தாலும் சரி, கார் கொதித்தால் ஓரமாக நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள்! உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், பீறிட்டு முகத்தில் அடிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். நன்றாக ஆறும் வரை பொறுத்திருங்கள். பிறகு கனத்த துணியைப் போட்டு, மெதுவாகத் திறங்கள். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விடலாம்.

தரிசனம் சற்றுத் தாமதம் ஆகலாம். ஆகட்டும்! பெருமாளைப் பார்க்கக் கண் வேண்டும் அல்லவா?