முதலில் விழிக்கும் கர்னல்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் காளப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கணினி. அதில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பொத்தானை அழுத்தினால் எது எழ வேண்டும்? அந்த முடிவு, பிள்ளையின் கைக்குக் கணினி வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

முதல் ஆண்டு இலக்கே 9 லட்சம் மடிக்கணினிகளுக்கு மேல். அத்தனையிலும் தனித்தனியாக மென்பொருள் நிறுவ யாராலும் முடியாது. இப்படிப்பட்ட வேலைக்கு இமேஜ் கட்டுவார்கள்: எல்லாம் அமைத்த ஒரு வட்டின் நகலை ஒரே கோப்பாக்கி, மற்ற கணினிகளில் அப்படியே பதிப்பது. அதில் ஒரு வரி தவறினால் அந்தத் தவறும் லட்சம் பிரதியாகும்.

லினக்ஸின் உயிர் கர்னல்; வன்பொருளோடு நேராகப் பேசுவது அதுதான். புதுப்பிக்கும்போது பழைய கர்னல் உடனே அழிவதில்லை. புதியது மக்கர் செய்தால் கைகொடுக்கட்டும் என்று அதுவும் வட்டில் தங்குகிறது. எதை எழுப்புவது என்று முடிவு செய்வது கிரப் என்னும் சிறு நிரல். வட்டில் உள்ள கர்னல்களைப் புதியது முதலில் வரும்படி பட்டியலிட்டு, வழக்கமாக அதன் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். கிரப்பின் கணக்கில் அது 0-ஆவது வரி.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கர்னல் பதிப்புகள் 5.9, 5.10 இரண்டில் எது புதியது? நமக்கு 5.10. எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரலுக்கோ 1-ஐவிட 9 பெரியது, ஆகவே 5.9. பதிப்பு எண்களை ஒப்பிடவென்றே தனி விதி எழுத வேண்டியிருந்தது. வரிசை சரியாகவே இருந்தாலும், புதுக் கர்னல் ஒன்று வந்ததும் நேற்றைய 0 இன்று வேறொன்றைக் குறிக்கும். அதனால் வரிசை எண்ணை நம்பாமல் கர்னலைப் பெயர் சொல்லிக் குறிப்பதே நல்லது.

இன்னொரு கண்ணி: இமேஜைத் தன் கணினிக்குள்ளேயே திறந்து வேலை செய்பவர், "இங்கே ஓடும் கர்னல் எது?" என்று கேட்டால், அவருடைய கணினியின் கர்னல்தான் பதிலாக வரும். இமேஜுக்குள் இருக்கும் கர்னல் இன்னும் விழிக்கவேயில்லையே!

என்னை வியக்க வைப்பது, கிரப் நினைவில் வைத்துக்கொள்ளும் விதம். வெறும் 1024 பைட் கொண்ட ஒரு கோப்பில், "அடுத்த ஒருமுறை மட்டும் புதியதை எழுப்பு" என்று எழுதிவைக்கலாம். எழுப்பப் போகும்போதே கிரப் அந்தக் குறிப்பை அழித்துவிடும். புதிய கர்னல் பாதியில் உறைந்தால் கணினியை அணைத்துப் போட்டால் போதும். இயல்பாக வைத்த பழைய கர்னலே எழும். பழுது பார்க்க யாரும் வர வேண்டியதில்லை.

பள்ளிகளுக்கு இமேஜ் கட்டும் நண்பர்களே, சோதித்துப் பார்த்த கர்னலைப் பெயர் சொல்லி இயல்பாக வையுங்கள். பழையது ஒன்றையும் விட்டுவையுங்கள். அதைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கட்டும்; பட்டியல் தெரியும் நேரத்தைச் சுழியமாக்காதீர்கள்.