கொல்லை மண் – 14: வேருக்கு வெயில் தெரியக்கூடாது

சித்திரை மாதத்து மதியம். இன்று 39 டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த அளவு, வானிலை நிலையத்தின் நிழற்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் இருக்கும் வெப்பமானி காட்டுவது. அதே நேரத்தில் நிழலில்லாத வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். நம் கத்தரியும் மிளகாயும் அந்த மண்ணில்தான் நிற்கின்றன. அவற்றின் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் அரையடிக்குள்ளேயே படர்ந்திருக்கிறது. மண்ணின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளின் வேர் வளர்ச்சி மந்தப்படும். மாலையில் வயிறாரத் தண்ணீர் விட்டும் மறுநாள் உச்சியில் செடி துவண்டு நிற்கிறதே, அதில் பாதிக் காரணம் இந்தச் சூடுதான்.

மூடாக்கு என்றால் தண்ணீர் மிச்சம், களை வராது என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் மண்ணின் சூட்டை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் ஒரு வரம்புக்குள் பிடித்து வைப்பதுதான் அதன் தலையாய வேலை என்பேன். இதைப் புரிந்துகொண்டால் எப்போது போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது விலக்குவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

வெயில் மண்ணுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். மேற்பரப்பு உச்சி வேளை கடந்ததும் கொதிக்கிறது என்றால், நாலு அங்குல ஆழத்தில் உச்சச் சூடு வந்து சேர மாலை நாலு, ஐந்து மணி ஆகிவிடும். ஓரடி ஆழத்துக்கு அது போய்ச் சேரும்போது நள்ளிரவு. அதற்குள் வேகமெல்லாம் அடங்கிவிடும். பகல் இரவு வித்தியாசமே அங்கே அநேகமாகத் தெரியாது. ஆகவே படாதபாடு படுவது மேல் அரையடிதான். பகலில் கொதித்து, விடியற்காலையில் குளிர்ந்து, தினமும் அலைக்கழிகிறது. அதன்மேல் நாலு விரற்கடை சருகைப் பரப்பினால், சருகுகளுக்கிடையே அடைபட்ட காற்று சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. கீழே ஈரமும் காயாது. ஈர மண் சூடேற நிறைய வெப்பம் வேண்டும். காய்ந்த மண் சட்டென்று சூடாகும். சருகு சூட்டைத் தடுக்கிறது, அது காக்கும் ஈரமும் சூட்டைத் தாங்கிக்கொள்கிறது.

கத்திரி வெயிலில் மூடாக்கை ஒரு கையால் விலக்கிப் பாருங்கள். மேலே சருகு மொறுமொறுவென்று நொறுங்கும். அதற்குக் கீழே பாதி மக்கிய அடுக்கு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம் ஓடியிருக்கும். இன்னும் கீழே கருத்த மண், விரல் தானாக இறங்கும், முதல் மழை வாசனை அடிக்கும். நன்றாக உற்றுப் பார்த்தால் கத்தரியின் வெள்ளை வேர்கள் மண்ணைவிட்டு மேலேறி, மக்கிய இலைக்குள்ளேயே நுழைந்திருப்பது தெரியும். இரண்டடி தள்ளி வெறும் மண்ணில் அதே விரலை வைத்தால் நகம்தான் தேயும்.

போடும் காலம் முக்கியம். மண் காய்ந்து கொதித்த பிறகு சித்திரையில் கொண்டுபோய்ப் போடுவதில் பெரிய பலனில்லை. சருகு சூட்டையும் வறட்சியையும் உள்ளேயே பூட்டிவிடும். லேசான கோடைத் தூறலைத் தானே உறிஞ்சிக்கொண்டு கீழே விடாது. மாசிக் கடைசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். தவறவிட்டவர்கள் முதல்நாள் நன்றாக நனைய விட்டு, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் மூடலாம். வேம்பும் புங்கனும் இலை உதிர்ப்பதே மாசி, பங்குனியில்தான். மண்ணுக்கு எப்போது தேவையோ அப்போதே மரம் தருகிறது. அதைக் கூட்டி அள்ளி மூலையில் தீ வைக்கிறோம். கரும்புச் சோகையையும் வயலிலேயே கொளுத்துகிறோம். பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுக்கவில்லை.

தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இருக்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில், காய்ந்த தென்னை ஓலை 15 போடலாம்; அல்லது 100 தேங்காய் மட்டைகளை, குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம்; அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரம் பரப்பலாம். எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, எல்லாம் தோப்பிலேயே கிடப்பவை.

அடர்நிறப் பொருள் சூட்டை இழுக்காதா என்று கேட்பார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவில் 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து விளைநிலமெல்லாம் கருஞ்சாம்பலுக்கும் பொடிக்கல்லுக்கும் அடியில் போயிற்று. அந்த அடுக்கைப் பள்ளம் பள்ளமாகத் தோண்டி, அடியிலுள்ள பழைய மண்ணில் திராட்சை நட்டார்கள். மழை அங்கே ரொம்பக் குறைவு. ஆனாலும் கொடி இன்றுவரை காய்க்கிறது. அந்தக் கல் கறுப்புதான், மேலே கை வைக்க முடியாதபடி சுடும். ஆனால் அதற்குள் நிறையக் காற்றுத் துளைகள் இருப்பதால் சூடு கீழே இறங்குவதில்லை. பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டில் இந்தத் துளைகள் இல்லை. அதனால்தான் அங்கே நிறம் முக்கியமாகிறது. நம் வெயிலுக்கு வெள்ளிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி தெளிவான ஷீட்டைக் கோடையில் விரித்தால் மண் வெந்தே போகும். நோய்க்கிருமிகளைக் கொல்ல வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். இஸ்ரேலின் யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976-இல் அதை எழுதினார்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டிக்கும் பைக்கும் வெயில் பக்கவாட்டில் அடிக்கிறது. மேலே மட்டும் சருகு போட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேற்குப் பக்கத்தில் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள், அல்லது தொட்டிகளை நெருக்கி வையுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் கனத்தைக் குறைக்க வேண்டும். அடைமழையில், அதுவும் களிமண்ணில், நாலு விரற்கடை மூடாக்கு ஊறிப்போய்த் தண்டை அழுக வைக்கும். ஒன்றரை, இரண்டு விரற்கடை போதும். மழைத்துளி மண்ணைச் சிதறடித்து அடி இலைமேல் தெறிக்காமல் இருக்க அதுவே தாராளம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் எந்தக் காலத்திலும் வெறுமையாக இருக்கட்டும். கறையான் தொல்லை உள்ள இடத்தில் காய்ந்த சருகை மட்டுமே குவிக்காமல், இடையிடையே கிளிரிசிடியா, கொழிஞ்சி, வேப்பந்தழை என்று பச்சையாகவும் போட்டு, அவ்வப்போது நனைத்து வையுங்கள்.

சமவெளியில் மார்கழிக் குளிருக்கு இந்த மெல்லிய மூடாக்கே போதும். ஊட்டிப் பக்கத்து நண்பர்களுக்குக் கணக்கு வேறு. பகலில் வெறும் மண் வாங்கி வைத்த சூடு இரவில் மேலே வந்து செடியின் அடியிலுள்ள காற்றை வெதுவெதுப்பாக வைக்கிறது. மூடாக்கு அதையும் அடைத்துவிடும். வேர் தப்பிக்கும், இளந்தளிர் உறைபனியில் கருகும். பனி கொட்டும் என்று தெரிந்தால் அன்று காலையிலேயே சருகை ஓரமாக ஒதுக்கி, மண்ணை நனைத்து, வெயில் வாங்க விடுங்கள். மாலையில் செடிக்கு மேலே பந்தல்போல் எதையாவது மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் உயிர் மூடாக்கு: தட்டைப்பயறு, சணப்பு, சக்கரவள்ளிக் கொடி.

(தொடரும்)