ஏழு ஆண்டு தாமதமாக வந்த சுதந்திரம்!
புதுச்சேரியை மீட்ட இரண்டு தலைவர்களின் கதை

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. நாடெங்கும் மூவர்ணக் கொடி பறந்தது.

ஆனால் புதுச்சேரியில்? அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது! கதிர்காமத்து மக்களும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தார்கள். விடுதலைக்கு அவர்கள் இன்னும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த விடுதலைக் கதையில் இரண்டு தலைவர்கள் வருகிறார்கள். இருவரும் எதிரும் புதிருமானவர்கள்.

ஆலைத் தொழிலாளர் தலைவர்

ஒருவர், வ.சுப்பையா. 1911-ல் பிறந்தவர். 1934-ல் "சுதந்திரம்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்துகொண்டே இப்படி ஒரு பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும்!

பஞ்சாலைத் தொழிலாளர்களை அவர் ஒன்று திரட்டினார். "எட்டு மணி நேர வேலை வேண்டும்" என்று அவர்கள் கேட்டார்கள். 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 12 பேர் செத்து விழுந்தார்கள்.

அந்த 12 பேரின் ரத்தம் வீண் போகவில்லை. மறு ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சம்பளத்துக்காகத் தொடங்கிய போராட்டம், பிறகு ஆட்சியையே எதிர்க்கும் போராட்டமாக வளர்ந்தது. 1950-ல் சுப்பையாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அப்போதும் அவர் பின்வாங்கவில்லை.

மனம் மாறிய குபேர்

மற்றொருவர், எதுவார் குபேர். சோஷலிஸ்டு கட்சித் தலைவர். பாரீஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர்களின் பக்கமே நின்றார்.

1954 மார்ச்சில் அவர் அடியோடு மாறினார். "இந்தியாவுடன் இணைய வேண்டும்" என்றார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு ஒன்றையும் அமைத்தார். காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தார் என்று பேசியவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் அவர் சாய்ந்ததும் பிரெஞ்சு ஆட்சியின் தூணே ஆட்டம் கண்டது!

கீழூரில் வாக்கெடுப்பு

1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந்தேதி, வில்லியனூருக்கு அப்பால் உள்ள கீழூர் என்ற சிற்றூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஊர் மக்கள் எல்லோரும் ஓட்டுப் போடவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் மட்டுமே ஓட்டளித்தார்கள்.

இந்தியாவுடன் இணைய ஆதரவு 170 பேர். எதிர்ப்பு 8 பேர்.

நவம்பர் 1-ந்தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் பிரெஞ்சுக்காரர்கள் விடைபெற்றார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ந்தேதிதான் நடந்தது.

1963-ல் குபேர் முதல்-மந்திரி ஆனார். ஆலைவாசலில் தொடங்கிய சுப்பையாவோ, 1969-ல்தான் மந்திரி பதவிக்கு வந்தார். 1993-ல் அவர் காலமானார்.

இன்று புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்குக் குபேர் பெயர். ரெயில் நிலையம் இருக்கும் சாலைக்குச் சுப்பையா பெயர். செத்து விழுந்த அந்த 12 தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் ஜூலை 30-ந்தேதி மாலை போடுகிறார்கள்.