பாக்டீரியாக்கள் பேசிக்கொள்ளுமா?

இனிப்புத் தின்றால் பல் சொத்தையாகும் என்று சொல்கிறோம். ஆனால் இனிப்பு நேராகப் பல்லை அரிப்பதில்லை. பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. படலத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது.

இவற்றுள் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சர்க்கரையிலிருந்து பசை போன்ற குளுக்கானை உண்டாக்கி, இது பல்லில் ஒட்டிக்கொள்கிறது.

தன் இனத்தார் எத்தனை பேர் அருகில் உள்ளனர் என்பதை இந்தப் பாக்டீரியா அறிந்துகொள்கிறது! கண்ணும் காதும் இல்லாத உயிருக்கு இது எப்படி முடிகிறது?

ஒவ்வொரு பாக்டீரியாவும் 21 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறிய பெப்டைடை வெளியே அனுப்புகிறது. ஒரு நொதி அதன் நுனியில் மூன்றை வெட்டி நீக்குகிறது. எஞ்சிய 18 அமினோ அமிலங்களே 'செய்தி'. திறந்த வெளியில் ஒரே ஓர் ஊதுவத்தியை ஏற்றினால் மணம் காற்றில் கரைந்துவிடும். நூறு வத்திகளை ஏற்றினால் இடமே மணக்கும் அல்லவா? அதுபோலவே, பாக்டீரியாக்கள் பெருகி நெருங்கும்போது செய்தியும் செறிவடைகிறது. அப்போது பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள ஒரு புரதம் அதை ஏற்று, உள்ளே பல ஜீன்களை இயங்கச் செய்கிறது.

கூட்டம் நடத்தக் குறைந்த அளவு உறுப்பினர் வேண்டும். அதைக் 'கோரம்' என்கிறோம். இதையொட்டி, பாக்டீரியாக்களின் இத்திறனுக்குக் 'கோரம் உணர்தல்' என்று 1994-இல் பெயரிட்டனர்.

கோரம் சேர்ந்தபின் என்ன நடக்கிறது? மியூட்டன்ஸ் நச்சுப் புரதங்களைச் சுரந்து அண்டை இனங்களைக் கொல்கிறது. இறந்தவற்றிலிருந்து சிதறும் டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு புதிய பண்புகளைப் பெறவும் அதனால் முடியும். இந்தச் சமிக்ஞை ஜீன்களைச் செயலிழக்கச் செய்தபோது, அமிலச் சூழலுக்குப் பழகிக்கொள்ளும் திறன் குறைந்ததை டொரண்டோ ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் கண்டனர். தான் உண்டாக்கும் அமிலத்தில் தானே மடியாமல் வாழ, அதற்கு இந்தச் செய்தி உதவுகிறது.

அண்டை இனங்களும் சும்மா இருப்பதில்லை. வாயில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கார்டோனை ஒரு நொதியால் இந்தப் பெப்டைடையே சிதைத்துவிடுகிறது. செய்தி போய்ச் சேராததால் நச்சுப் புரதமும் உண்டாவதில்லை.

இதனால் மருத்துவத்துக்கு ஒரு புதிய வழி தெரிகிறது. கிருமிநாசினிகள் நல்ல இனங்களையும் சேர்த்து அழிக்கின்றன. 2006-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆராய்ச்சியாளர்கள் செய்திப் பெப்டைடின் ஒரு துண்டைக் கிருமிகொல்லிப் பெப்டைடு ஒன்றுடன் இணைத்தனர். ஆய்வகத்தில் அது மியூட்டன்சையே குறிவைத்துக் கொன்றது; பிற இனங்கள் பெரும்பாலும் தப்பின.

எனினும் நம் கையிலுள்ள எளிய வழி பல் துலக்குவதே. துலக்கும்போது படலம் கலைகிறது, கூட்டம் சிதறுகிறது. இனிப்பைக் குறைத்தால் அது மீண்டும் கூடுவதும் கடினமாகும்.