ஜப்பான் கார் வாங்குமுன் லாக் கார்டைப் படியுங்கள்

கொழும்பில் ஹோண்டா வெசல் ஒன்றைப் பழையதாக வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது ஜப்பானிய ஏலத் தாளைத்தான். ஏலக்கூடத்தில் அந்தக் காருக்கு என்ன தரம் போட்டார்கள், அடிபட்டுச் சரிசெய்ததற்கான 'ஆர்' குறி இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். அதே கேள்வியைச் சிங்கப்பூர் ஊபியில் உள்ள ஒரு விற்பனைக்கூடத்தில் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. மூன்று வயதைத் தாண்டிய சாதாரணக் காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பதிய முடியாது. மூன்று வயதுக்குட்பட்ட பழைய கார் என்றாலும் 10,000 வெள்ளி மிகைக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் இங்கே 'பழைய ஜப்பான் கார்' என்று விற்கப்படுவது ஏறக்குறைய எப்போதும் புதிதாக வந்து, இங்கேயே பதிவாகி, இங்கேயே ஓடிய காராகத்தான் இருக்கும். அதன் ஜாதகம் ஜப்பானில் கிடைக்காது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டில் கிடைக்கும். எல்லோரும் இன்னும் 'லாக் கார்டு' என்றே சொல்லும் அந்தப் பதிவு விவரத்தைப் படிக்கத் தெரியாமல் பானெட்டைத் திறந்து எஞ்சினை எட்டிப் பார்ப்பது வீண் வேலை என்பது என் எண்ணம்.

காரணம், இங்கே காரின் விலையில் பெரும்பங்கு இரும்புக்குரியதல்ல. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை தொடங்கியதிலிருந்து, ஒரு காரைப் பத்து ஆண்டு சாலையில் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தாக வேண்டும். அதுதான் சிஓஇ. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவுச் சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான 'பி' பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது; அதே ஏலத்தில் 'ஏ' பிரிவே 106,000 வெள்ளி. ஜப்பானிலிருந்து வந்திறங்கிய கார்கள் அந்த இடைவெளியில் இவ்வளவு மாறிவிடவில்லை. மாறியது உரிமையின் விலை. வீவக வீட்டை மறுவிற்பனையில் வாங்குபவர் 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பத்தே ஆண்டுக் குத்தகையுள்ள காரை வாங்கும்போது மட்டும் பலர் நிறத்தையும் இருக்கைத் தோலையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

சிஓஇக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஓஎம்வி எனப்படும் சந்தை மதிப்பும், அதைக் கொண்டு கணக்கிடும் கூடுதல் பதிவுக் கட்டணமான ஏஆர்எஃப்பும். ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு ஏஆர்எஃப் நூறு விழுக்காடு. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். பத்து ஆண்டு முடிவதற்குள் காரின் பதிவை நீக்கினால் இதில் ஒரு பகுதி திரும்ப வரும். அதைத்தான் 'பார்ஃப்' கழிவு என்கிறார்கள். பல ஆண்டுகளாக இருந்த அட்டவணைப்படி ஐந்து ஆண்டுக்குள் நீக்கினால் 75 விழுக்காடு. பிறகு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு குறைந்து, பத்தாம் ஆண்டில் 50 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் இதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. இந்த விதிகளை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. எந்த விதி பொருந்தும் என்பது அந்தக் காருக்கு எப்போது சிஓஇ எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே பொதுவான பேச்சை நம்பாமல், குறிப்பிட்ட காருக்குப் 'பார்ஃப்' உண்டா, உண்டென்றால் கடைசியில் எவ்வளவு தேறும் என்று பதிவு விவரத்திலேயே பார்க்க வேண்டும். (தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் வாங்கும் டொயோட்டா ஹையேஸ் வேன் போன்ற சரக்கு வாகனங்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. வேன் கணக்கு வேறு.)

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். முதல் காருக்கு ஓஎம்வி 18,000 வெள்ளி. ஏஆர்எஃப்பும் அதே 18,000. சிஓஇ இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது, கேட்கும் விலை 45,000. ஐந்து ஆண்டு ஓட்டி, கெடு முடிவதற்குள் பதிவை நீக்கினால் 9,000 திரும்பக் கிடைக்கும். ஆக ஐந்து ஆண்டுக்குச் செலவு 36,000, ஆண்டுக்கு 7,200. இரண்டாவது கார் சிஓஇ புதுப்பிக்கப்பட்ட பழைய கார். மூன்று ஆண்டு மிச்சம், விலை 27,000. கடைசியில் கழிவு எதுவும் இல்லை. ஆண்டுக்கு 9,000 கரைகிறது. விலைப்பலகையில் 18,000 வெள்ளி மலிவாகத் தெரிந்த கார்தான் ஆண்டுக்கு 1,800 வெள்ளி கூடுதலாகத் தின்கிறது. விற்பனையாளர்கள் 'டெப்ரி' என்று சொல்வது இந்த ஆண்டுத் தேய்மானத்தைத்தான். அவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்காமல் நீங்களே வகுத்துப் பாருங்கள். கைப்பேசியில் உள்ள கணிப்பான் போதும். இன்னொன்றும் உண்டு. 2020 நடுவில் 40,000 வெள்ளிக்கும் குறைவாகச் சிஓஇ எடுத்த காரையும் 2023 இறுதியில் 100,000 தாண்டி எடுத்த காரையும் பக்கத்தில் நிறுத்தினால் வேறுபாடு தெரியாது. ஆனால் பாதியில் பதிவை நீக்க நேர்ந்தால், மிச்சமிருக்கும் காலத்துக்கான சிஓஇ கழிவு அன்று கட்டிய தொகையை வைத்துத்தான் வரும். இப்படித் திரும்ப வரும் தொகை, அதாவது 'பேப்பர் வேல்யூ', கூடிய கார் விலையில் அதிகம் என்றாலும், ஏதாவது ஆகிவிட்டால் கையில் நிற்கும் பணமும் அதிகம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: ஜப்பான் கார் இருபது ஆண்டு ஓடும், பத்தாம் ஆண்டில் சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டினால் போயிற்று. கார் ஓடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுப்பிக்க, கடந்த மூன்று மாத ஏலங்களின் நகரும் சராசரியைக் கட்ட வேண்டும். 'பார்ஃப்' கழிவை இழக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்தால் பாதித் தொகை, ஆனால் அதற்குப் பின் மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயது தாண்டிய காருக்குச் சாலை வரியில் ஆண்டுதோறும் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பது விழுக்காட்டில் நிற்கும் மிகைக் கட்டணம் உண்டு. சோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போய் ஆண்டுதோறும் ஆகிவிடும். சிஓஇ மலிவாக இருந்த காலத்தில் புதுப்பித்தவருக்கு அது லாபம். அவரிடமிருந்து இன்றைய விலைக்கு வாங்குபவருக்கு அந்த லாபம் கிடைக்காது. அது அவர் கேட்கும் விலைக்குள்ளேயே போய்விட்டது.

அடுத்த கேள்வி, கார் எந்த வழியில் வந்தது என்பது. டொயோட்டாவுக்குப் போர்னியோ மோட்டார்ஸ், ஹோண்டாவுக்குக் கா மோட்டார், நிசானுக்குத் தான் சோங் என்று அதிகாரபூர்வ முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர, ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கார்களைப் புதிதாக வாங்கிக் கொண்டுவரும் இணை இறக்குமதியாளர்களும் உண்டு, பேச்சில் 'பிஐ'. வெசல், ஷட்டில், ஃப்ரீட் போன்ற பெயர்கள் இங்கே வீட்டுப் பெயர்களானது பெரிதும் இவர்களால்தான். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கார், பிஐ மலிவு, பின் என்ன என்று கேட்பது நியாயம். புதிய காரில் அந்த மலிவு உண்மை. பழையதில் அதன் ஒரு பகுதி மறுவிற்பனை விலையில் ஏற்கெனவே கழிந்திருக்கும். எஞ்சுவது பராமரிப்புக் கேள்வி. முந்தைய உத்தரவாதம் யாருடையது, அது உரிமையாளர் மாறினால் தொடருமா, மின்கலத்துக்குத் தனி உத்தரவாதம் உண்டா, நிறுவனம் பழுதுக்காகத் திரும்ப அழைத்தால் யார் செய்து கொடுப்பார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறிய சங்கடங்களும் உண்டு. ஜப்பானில் பண்பலை 76இலிருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். மாற்றாமல் விட்ட ஜப்பானிய வானொலிப் பெட்டியில் ஒலி 96.8 கேட்காது. இதற்காக யாரும் காரை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் வாங்கிய பிறகு தெரிந்தால் எரிச்சல்தான்.

'ஜப்பான் என்றாலே பழுதில்லை' என்ற நம்பிக்கைக்கு ஹோண்டாவே பதில் சொல்லியிருக்கிறது. 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்த மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைப்ரிட், இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுக் குறைகள் முதலானவற்றால் 2014 அக்டோபருக்குள் ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது. நிறுவனத் தலைவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதே வகைக் கியர்பெட்டிதான் முதல் தலைமுறை வெசல் ஹைப்ரிடிலும் ஷட்டில் ஹைப்ரிடிலும் இருந்தது. டொயோட்டாவின் ஹைப்ரிட் அமைப்பு வேறு. ஹோண்டாவும் 2020க்குப் பின் வந்த ஃபிட்டிலும் அடுத்த வெசலிலும் வேறு அமைப்புக்கு மாறிவிட்டது. ஆகவே பெயரைக் கேட்டால் போதாது, தலைமுறையைக் கேட்க வேண்டும். நின்று நின்று நகரும் சிராங்கூன் சாலை நெரிசலும் இந்த ஊர் வெக்கையும் கிளட்சுக்கும் மின்கலத்துக்கும் நல்லவையல்ல. டக்காட்டா காற்றுப்பை விவகாரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உள்ளிருக்கும் வெடிபொருளைக் கெடுத்ததுதான் உயிர்ப்பலிகளுக்குக் காரணம். ஹோண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா என்று ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் அதில் சிக்கின. திரும்ப அழைக்கப்பட்ட காரில் வேலை முடிந்ததா என்பதைக் காரின் சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

ஓட்டியவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஹைப்ரிட் கார்களில் கணிசமானவை தனியார் வாடகைக் காராக ஓடியவை. குடும்பக் கார் சில ஆண்டில் ஓடும் தூரத்தை அவை ஓராண்டில் ஓடிவிடக்கூடும். உரிமையாளர் எத்தனை முறை மாறினார் என்பது பதிவில் இருக்கும். கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டுமானால் சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தோல் தேய்ந்து பளபளக்கும்போது மீட்டர் 40,000 காட்டினால் ஏதோ சரியில்லை. 'இப்போதுதான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனது' என்ற வாதம் அடிக்கடி வரும். கட்டாயச் சோதனை பார்ப்பது பிரேக், விளக்கு, புகை போன்ற பாதுகாப்பு அம்சங்களை. கியர்பெட்டி இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அது சொல்வதில்லை. அதற்காகவே விகாம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் பழைய கார்களுக்கான தனி மதிப்பீட்டுச் சோதனை இருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்று அசட்டையாக இருப்பதும் தவறு. 2012 செப்டம்பரில் வந்த 'எலுமிச்சைச் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு அது பொருந்தாது. உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. விற்பனைக்கூடத்தில் வாங்கினாலும், அவர்கள் வேறொருவருக்காகக் கமிஷனுக்கு விற்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் விற்பவர் பெயரைப் பாருங்கள். கடன் விஷயம் சுருக்கம்: ஓஎம்வி 20,000 வெள்ளி வரை என்றால் காரின் விலையில் 70 விழுக்காடு, அதற்கு மேல் 60 விழுக்காடு, ஏழு ஆண்டுக்கு மேல் கிடையாது. விளம்பரத்தில் காட்டும் வட்டி பெரும்பாலும் தொடக்கக் கடன் முழுவதற்கும் கணக்கிட்டது. உண்மையான வட்டி ஏறக்குறைய இரு மடங்கு.

இதையெல்லாம் பார்த்த பிறகு கார் தேவையா என்றுகூடத் தோன்றலாம். செங்காங்கில் வீடு, தேக்காவில் வேலை என்றால் வடகிழக்கு ரயில்பாதை 2003 முதல் நேரே கொண்டுவிடுகிறது. தேவைதான் என்று முடிவு செய்துவிட்டால், முன்பணம் கொடுக்குமுன் காரை வெளி நிலையத்தில் மதிப்பீட்டுச் சோதனைக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். ஊபியிலும் காக்கி புக்கிட்டிலும் வேறு கடைகள் இருக்கின்றன.